கறிக்கடைக்குக் கூட்டாகப் போவோம்!

ஏழை ஜனங்கள் வாரம் தவறாமல் கறி தின்றே கெட்டுப் போகிறார்கள் என்று உபதேசம் செய்கிற பெரிய மனிதர்களுக்கு நம் சேலம், நாமக்கல் சீமையில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆறு நாள் மூன்று ஷிப்டிலும் நூல் இழைத்தவன் ஏழாம் நாள் அரைக்கிலோ கறி வாங்கினால் அது ஊதாரித்தனமாம். மரவள்ளிக் காட்டில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவள் கோழிக் குழம்பு வைத்தால் அது குடும்பத்தைக் கெடுக்கும் காரியமாம். இந்த உபதேசத்தைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது.

கறி தின்பதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! பஞ்சு மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணும், களை வெட்டப் போகும் பெண்ணும் இந்தக் கணக்கில் அடக்கம். ஈரலும் சுவரொட்டியும் ரத்தமும் யாருடைய தட்டில் விழ வேண்டுமோ அவர்களுடைய தட்டில் விழுவதில்லை. ஆகவே கறியைக் குறைப்பது பற்றிப் பேச்சே இல்லை. அதே காசுக்குக் கூடுதல் கறி எப்படி வீடு வந்து சேரும் என்பதுதான் நமது விஷயம்.

கூலிக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கென மத்திய சர்க்கார் நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ கறிக்கு இரண்டரை நாள் மண் சுமக்க வேண்டும். இப்படிப்பட்ட கறியில் ஐம்பது கிராம் எடை குறைந்தால் நாற்பது ரூபாய் போயிற்று. ஒரு மணி நேர உழைப்பு தராசுத் தட்டிலேயே காணாமல் போய்விடுகிறது.

எடை எங்கே குறைகிறது என்று கேட்கிறீர்களா? ஞாயிறு காலை கூட்டத்தில் நின்று பாருங்கள், தெரியும். மின் தராசில் எண் நின்று நிதானிப்பதற்குள் கறி தட்டை விட்டு எடுக்கப்பட்டுவிடும். தட்டின் மேல் கனமான தாளோ இலையோ கிடக்கும்; அதற்கும் கறி விலைதான். கோழியானால் கழுவிய தண்ணீர் வடியாமலே எடை ஏறும். கால் கிலோ கேட்கிற கிழவிக்குக் கொழுப்பும் சவ்வும் கழுத்தெலும்பும். மூன்று கிலோ கேட்கிற பண்ணையாருக்குத் தொடைக்கறி. இதை ஏன் என்று கேட்டால், "இஷ்டம் இருந்தால் வாங்கு" என்று பதில்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. எடையளவுச் சட்டம் 2009ல் புதிதாகப் போடப்பட்டிருக்கிறது. மின் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும். சோதித்த சான்றிதழைக் கடையில் ஜனங்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பார்ப்பது தொழிலாளர் துறை. ஆமாம், நம்முடைய கூலித் தகராறுகளுக்கு நாம் படியேறுகிற அதே துறைதான்! சங்கத்துத் தோழர்கள் பேச்சுவார்த்தைக்குப் போகிற போது, நம் பேட்டைக் கறிக்கடைத் தராசுகளுக்கு இந்த ஆண்டு முத்திரை ஆயிற்றா என்று ஒரு மனு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தால் குறைந்தா போய்விடும்? தனி ஆள் கேட்டால் சண்டை. இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அது மனு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கறிக்கடைக்காரர் நம் வர்க்க விரோதி ஆகிவிட மாட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, தன் கையாலேயே அறுத்து, உரித்து, வெட்டிப் பிழைக்கிறவர் அவர். ஆட்டைத் தரகரிடம் கடனுக்கு எடுக்கிறார். கோழியை மொத்த வியாபாரி சொன்ன விலைக்கு இறக்குகிறார். தராசில் தவறு செய்தால் கேட்போம், விடமாட்டோம். ஆனால் பெரிய கொள்ளை அவர் கடைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. "இன்ன மதத்துக்காரன் கடையில் வாங்காதே" என்று கிளப்பிவிடுகிற சிலர் இந்தப் பெரிய கொள்ளையைப் பற்றி வாய் திறந்ததுண்டா? நமக்குக் கடைக்காரரின் தராசு நேராக இருந்தால் போதும்.

கோழி விஷயத்துக்கு வருவோம். நாமக்கல்லைக் கோழி நகரம் என்கிறார்கள். நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை கிளம்புகிற ஊர். இங்கே பத்திரிகையைப் பிரித்தால் ஒரு மூலையில் தினமும் மூன்று விலை போட்டிருப்பார்கள்: முட்டை, கறிக்கோழி, முட்டைக்கோழி. முட்டை விலையை 1982ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது; கறிக்கோழி விலையை பல்லடத்தை மையமாகக் கொண்ட ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. டீக்கடையில் அரசியல் பக்கத்தைப் படிக்கிற தோழர்கள் இந்த மூலையையும் படித்தாக வேண்டும். ஏனென்றால் அங்கே போட்டிருப்பது பண்ணையில் உயிர் எடைக்கு விலை. அதை வைத்துக் கடை விலையை நாமே கணக்குப் போட்டுவிடலாம்.

எப்படி? இரண்டு கிலோ கோழியை அறுத்து, தோலுரித்து, குடல் நீக்கினால் ஏறக்குறைய 1 கிலோ 300 கிராம் கறி தேறும். தோலோடு என்றால் 1 கிலோ 450 கிராம் வரை நிற்கும். பத்திரிகையில் 120 ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டிச் செலவும் வியாபாரி லாபமும் சேர்ந்து கடைக்கு 130 ரூபாய் ஆகிறது. இரண்டு கிலோக் கோழிக்கு 260 ரூபாய், அதை 1.3 கிலோ கறிக்கு வகுத்தால் கிலோ 200 ரூபாய். படிப்பறிவு இல்லாதவரும் போடக்கூடிய சுருக்கு வழி ஒன்று உண்டு: உயிர் விலையோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 130ம் 65ம் 195. இதற்கு மேல் கடைக்காரரின் கூலி, வாடகை, மின்சாரம், கழிவு அகற்றும் செலவு என்று முப்பது நாற்பது ரூபாய் நியாயமாகக் கொடுக்கலாம். அதற்கும் மேலே போனால் வாயைத் திறந்து கேளுங்கள். பண்ணை விலை ஏறினால் அன்று மாலையே கடைப் பலகையில் ஏறிவிடுகிறது. இறங்கினால் மட்டும் சுண்ணாம்புக் கட்டி தேடக் கடைக்காரருக்கு ஒரு வாரம் ஆகிறது!

கோழியை உயிரோடு நிறுத்து, உங்கள் கண் முன்னால் அறுக்கச் சொல்லி, தோலோடு வாங்கினால் காசு நிற்கும். ஈரலும் கல்லீரல் பையும் காலும் உங்களுடையவை. கேட்டு வாங்குங்கள், பலர் கேட்பதே இல்லை. காலைச் சுட்டுத் தோலுரித்துப் போட்டால் ஒரு வேளை ரசத்துக்கு ஆயிற்று. முட்டையிட்டு ஓய்ந்த கோழி சில சமயம் கறிக்கோழியைவிட மலிவாகக் கிடைக்கும். ஜவ்வு மாதிரி இருக்கிறது என்று இளவட்டங்கள் முகம் சுளிப்பார்கள். பொழுதோடு அடுப்பில் ஏற்றி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி நிதானமாக வேகவிட்டால் அதன் சாறுக்கு எந்தக் கோழியும் கிட்ட வராது. ஒரே எச்சரிக்கை: சித்திரை வைகாசி வெயிலில் பண்ணையில் கோழி சாகும். பாதி விலைக்குக் கறி என்று யாராவது கூவினால் அங்கே நிற்காதீர்கள். செத்த கோழியைச் சமைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற காசில் ஒரு ஆடே வாங்கலாம்.

கோழியை வளர்க்கிறவன் கதி என்ன என்பதையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. கம்பெனி குஞ்சு கொடுக்கிறது, தீவனம் கொடுக்கிறது, நாற்பது நாள் சுமாரில் கோழியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கொட்டகை விவசாயியுடையது, கரண்டும் தண்ணீரும் ராக்கண் விழிப்பும் விவசாயியுடையவை. அவனுக்கு வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய் அளவில்தான் என்று வளர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகக் கூக்குரல் எழுப்பி வருகிறார்கள். நாம் கடையில் கொடுக்கிற 230 ரூபாயில் ஆறரை ரூபாய்! மிச்சம் எங்கே போகிறது என்று கேட்க நமக்கும் பாத்தியதை உண்டு, அவர்களுக்கும் உண்டு.

ஆட்டுக்கறியில் விஷயம் இன்னும் தெளிவு. மேச்சேரிச் செம்மறி என்று நம் ஜில்லா ஊர்ப் பெயரிலேயே ஒரு இனம் இருக்கிறது. சேலம் கருப்பு என்று வெள்ளாட்டில் ஒரு இனம் இருக்கிறது. புதன் கிழமை மேச்சேரி, சனிக் கிழமை கொங்கணாபுரமும் வீரகனூரும் என்று ஆட்டுச் சந்தைகள் கூடுகின்றன. இந்த ஆடுகளை வளர்ப்பது யார்? பெரும்பாலும் நிலமில்லாத கூலி விவசாயிகளும், கால் காணி அரைக் காணி வைத்திருப்பவர்களும்தான். 2011ல் தமிழக சர்க்கார் ஏழைப் பெண்களுக்கு நாலு நாலு ஆடு கொடுத்தபோது அதைப் பிடித்துக்கொண்டு பட்டி பெருக்கியவர்கள் எத்தனையோ பேர். அந்த அம்மாள் ஆட்டை விற்கிற போது என்ன நடக்கிறது? வாசலுக்கு வியாபாரி வருகிறார். முதுகைத் தடவிப் பார்த்து, "எட்டுக் கிலோ தேறாது" என்கிறார். மகனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும், கையில் காசு இல்லை, கொடுத்துவிடுகிறாள். அறுத்துப் பார்த்தால் பத்துக் கிலோ. சந்தைக்கே ஓட்டிப் போனாலோ, துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துத் தரகர்கள் பேசுகிற பாஷை அவளுக்கு எங்கே புரியும்? தீபாவளிக்கு அதே அம்மாள் அரைக்கிலோ கறியை நானூறு ஐந்நூறு கொடுத்துக் கடையில் வாங்குகிறாள். அவள் வளர்த்த ஆடாகவே கூட இருக்கலாம்.

அந்தப் பக்கம் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுகிற தோழன், சேலத்தில் மில் வேலை பார்க்கிற தோழன், அதே கறிக்கு 850 ரூபாய் கொடுக்கிறான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் தரகர், வியாபாரி, வட்டிக்காரன் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1997ல் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்ததால் சந்தையும் தரகும் பிரிந்துவிடவில்லை. தொழிலாளி, விவசாயி ஒற்றுமை என்று நாம் மேடையில் பேசுகிறோமே, அதை ஒரு ஆட்டை வைத்துத் தொடங்கினால் என்ன?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நம் ஊர்களில் கூறு போடுகிற வழக்கம் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கல் கழிந்த கரிநாளுக்கும் பத்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, அறுத்து, பத்துக் கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள். இதை ஏன் ஆண்டுக்கு இரண்டு நாளோடு நிறுத்த வேண்டும்? மாதம் ஒரு கூறு போடுவோம்.

கணக்கைப் பாருங்கள். பத்துக் கிலோ கறி தேறுகிற ஆட்டை வியாபாரி அந்த அம்மாளிடம் 6,400 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மில் வாசலில் பத்துத் தோழர்கள் சேர்ந்து 7,000 ரூபாய் கொடுத்தால் அவளுக்கு 600 ரூபாய் கூடுதல். அறுப்புக் கூலி, வண்டிச் செலவு 600. ஆக 7,600, வீட்டுக்கு 760 ரூபாய். ஒரு கிலோ கறியை 850க்கு வாங்குகிற இடத்தில் 90 ரூபாய் நேராக மிச்சம். அதோடு நின்றதா? தலை, நாலு கால், குடல், ரத்தம் எல்லாம் கூற்றில் வருகின்றன. கடையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வாரியத்தில் இலாகா வைத்துக் கணக்கெழுதும் பெரிய திட்டம் இல்லை இது. பத்து வீட்டுக்காரர்கள், ஒரு நோட்டு, நம்பிக்கையான ஒரு பொருளாளர் போதும். பொருளாளர் பெண்ணாக இருந்தால் மிக நல்லது. காசு சாராயக் கடைப் பக்கம் திரும்பாது.

சில ஜாக்கிரதைகள் உண்டு. ஆடு பார்க்கத் தெரிந்த கூலி விவசாயத் தோழர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நகர எல்லைக்குள் என்றால் நகராட்சியின் ஆடு அறுக்கும் கூடத்தில், மருத்துவர் பார்த்து முத்திரையிட்ட பிறகு வாங்குங்கள். தெருவோரத்தில் அறுக்க வேண்டாம். சில ஊர்களில் இந்தக் கூடங்கள் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது வேறு கதை. தண்ணீர் கேட்டு, வடிகால் கேட்டு நகராட்சியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதும் நாம்தான். அறுப்புக்கு நம் பேட்டைக் கறிக்கடைக்காரரையே அழைத்து நியாயமான கூலி கொடுங்கள். அவருக்கும் அது கடனில்லாத காசு.

எப்போது வாங்குவது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் விலை துள்ளும். தீபாவளிக்குச் சொல்லவே வேண்டாம். புரட்டாசியில் ஜனங்கள் விரதம் இருப்பதால் விலை படுக்கும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களால் மறுபடி கொஞ்சம் படுக்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அதுதான் சமயம். ஞாயிற்றுக் கிழமையை விட்டு, ஷிப்டு விடுமுறை புதனிலோ வியாழனிலோ வந்தால் அன்றைக்கு வாங்குங்கள். கூட்டமும் இல்லை, தராசும் நிதானமாக நிற்கும். மிஞ்சிய கறியை வைக்க ஐஸ் பெட்டி எதற்கு? நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போடவில்லையா? கறியை நீளவாட்டில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, நூலில் கோத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் மாதக்கணக்கில் கெடாது. மஞ்சளும் வெயிலும் நம் சீமையில் தாராளம்.

மாட்டுக்கறியைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் தயங்கட்டும். ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிற சத்துள்ள கறி அது. இஷ்டமில்லாதவரை யாரும் வற்புறுத்தவில்லை. இஷ்டமுள்ளவரின் தட்டிலிருந்து பிடுங்கத்தான் மத்திய சர்க்கார் 2017 மே மாதம் ஒரு விதி போட்டது: சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கக் கூடாதாம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை அந்த மாதக் கடைசியிலேயே தடை கொடுத்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையை நாடு முழுவதற்கும் நீட்டியது. கிழட்டு மாட்டை விற்று இளம் மாடு வாங்குகிற விவசாயிக்கும், மலிவுக் கறி வாங்குகிற கூலிக்காரனுக்கும் ஒரே உத்தரவில் வைத்த வேட்டு அது.

கூட்டாக வாங்குவது நடக்கிற காரியமா என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்கிறோம். இங்கிலாந்தில் ராக்டேல் என்று ஒரு ஆலை நகரம். 1844ஆம் ஆண்டு அங்கே 28 தொழிலாளர்கள், அவர்களில் பலர் நெசவாளிகள், ஆளுக்கு ஒரு பவுன் போட்டு 28 பவுன் சேர்த்தார்கள். டிசம்பர் 21ந் தேதி ஒரு சிறு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை, எடை சரியாக இருக்கும், கடன் கிடையாது. ஊர் வியாபாரிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பிற்பாடு உலகெங்கும் எழுந்த கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அந்தக் கடை வழிகாட்டியாயிற்று. தறி ஓட்டியவர்கள் அன்றைக்குச் செய்ததைக் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள் செய்ய முடியாதா என்ன?

ஆனால் மயக்கம் வேண்டாம். 1864ல் அகிலத்தின் தொடக்க உரையை எழுதிய மார்க்ஸ், கூட்டுறவுகளைப் பாராட்டிவிட்டு, அவை தனித்தனிச் சிறு முயற்சிகளாகவே நிற்கும் வரை ஜனங்களின் துன்பச் சுமை இறங்கப் போவதில்லை என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மாதம் இருநூறு ரூபாய் கறியில் மிச்சம் பிடித்தோம் என்று தெரிந்தால், பஞ்சப்படியில் அதைக் குறைக்க முடியுமா என்றுதான் முதலாளி யோசிப்பான். கூலிப் போராட்டத்தின் இடத்தில் கறிக் கூற்றை வைக்க முடியாது. கூலி கேட்டு நிற்கிற நாளில் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டுமே, அதற்கு இது உதவும். பத்து வீடு ஒரு நோட்டில் கணக்கெழுதிப் பழகினால் நாளை வேலைநிறுத்த நிதிக்கும் அந்த நோட்டு உதவும்.

கூறு போடுகிற முறை தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்லிவைக்கிறோம். எலும்பு, தசை, கொழுப்பு, ஈரல் எல்லாவற்றையும் ஒவ்வொரு கூற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்ப வேண்டும். ஈரலைத் தனியே எடுத்து வைக்கக் கூடாது. கர்ப்பிணியோ பிள்ளை பெற்றவளோ இருக்கிற வீட்டுக்கு எல்லோரும் சம்மதித்து ஒரு கை ஈரலும் சுவரொட்டியும் அதிகம் வைக்கலாம். கூறுகள் தயாரானதும் ஒரு பிள்ளையை முதுகு காட்டி நிற்க வைத்து, "இது யாருக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பிள்ளை பெயரைச் சொல்ல, அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. கத்தி பிடித்துக் கூறு போட்டவர் கடைசியாக மிஞ்சுகிற கூற்றை எடுப்பார்.